சைக்கிள் சக்கரமும் செம்மண் சடக்கும்

தோட்டத்து மக்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்கு ஓடவும், நிறைக்குப் போகவும், பால் வாளியைக் கட்டி ஸ்டோருக்குக் கொண்டு வரவும், சாயங்காலம் டவுனுக்குப் போய் மீன் வாங்கி வரவும் நம் பெரியவர்களுக்குக் காலாக இருந்தது சைக்கிள்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தவுக்கே கடையில் தவணைக்கு ஒரு ராலே சைக்கிள் எடுத்தவர் அன்றைக்கு லயத்தில் ஒரு பெரிய மனிதர்! பின்னால் பெண்சாதி, முன் கம்பியில் பிள்ளை என்று ஒரு குடும்பமே அதில் திருவிழாவுக்குப் போய் வந்தது.

அப்புறம் ஹோண்டா கப் வந்தது. சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்தது. துருப்பிடித்தது. பழைய இரும்புக்காரரிடம் போனது. அதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தோம்.

முடியவில்லை, தோழர்களே! இன்று கோலாலம்பூரிலிருந்து டாக்டரும் வக்கீலும் உலு லங்காட் வழியாகக் கெந்திங் பெராஸ் ஏறி ஜெலுபு பக்கம் சைக்கிளில் வருகிறார்கள். சிரம்பானுக்கும் கோலாப்பிலாவுக்கும் நடுவே புக்கிட் புத்துஸில் புது மேம்பாலம் வந்தபின், வளைந்து வளைந்து ஏறும் பழைய மலைச் சடக்கில் வாகனம் குறைந்துவிட்டது. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். நாம் வயிற்றுக்காக மிதித்ததை அவர்கள் உடம்புக்காகவும் மன நிம்மதிக்காகவும் மிதிக்கிறார்கள். அவர்கள் தேடிக்கொண்டு வரும் மலையும் காடும் அமைதியும் தம்பின் வட்டாரத்தில் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன.

தம்பினுக்கு என்ன சிறப்பு?

தித்திவாங்சா மலைத்தொடர் தெற்கே வந்து தாழ்ந்து அடங்கும் பகுதி இது. 700 மீட்டருக்கு மேல் உயர்ந்த தம்பின் மலை டவுனுக்குத் தலைமாட்டில் நிற்கிறது. அதன் காட்டுக்கு வெளியே ரப்பரும் செம்பனையும், நடுநடுவே மலாய்க் கம்பங்களும் உண்டு. ரெப்பா, ரீஜண்ட், சுங்கை கெலாமா என்று தோட்டத்துப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இந்த மாவட்டத்தில் இருப்பதே நம் மக்கள் இந்த மண்ணில் ஊன்றிய வேருக்குச் சாட்சி.

சடக்கு அமைதியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு காலத்தில் வடக்கே இருந்து தெற்கே போகிற எத்தனையோ வண்டிகள் சிரம்பான், ரெம்பாவ், தம்பின், கெமெஞ்சே, கிம்மாஸ் என்று ஒன்றாம் எண் சடக்கில்தான் போயின. 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின் தூரப் பயணத்து வாகனங்களில் பெரும்பாலானவை அங்கே போய்விட்டன. அதனால் பழைய சடக்குக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனாலும் அதில் லோரி ஓட்டம் நிற்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்லது தோட்டத்து உட்சடக்குதான். மேடு பள்ளம் இருக்கும், ஆனால் வேகமாக வரும் கார் இருக்காது. கால் பழகிய பிறகு ஜொகோல் வழியாகக் கோலாப்பிலா போகும் பாதையைப் பார்க்கலாம். குன்றும் கம்பமும் மாறி மாறி வரும். இறக்கத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது, ஏற்றத்தில் பட்ட பாடெல்லாம் பறந்துவிடும். மூன்றாவது பாதை கெமெஞ்சே வழியாகக் கிம்மாஸ் போவது. அது மிதித்துப் போக மட்டுமல்ல, நின்று நினைத்துப் பார்க்கவும் வேண்டிய பாதை.

சைக்கிளில் வந்த யுத்தம்

கிம்மாஸ் போய்ச் சேர ஏறக்குறைய 11 கிலோமீட்டர் இருக்கும்போது கெமெஞ்சே ஆறு குறுக்கிடும். பாலத்தருகே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டியிருப்போம், இறங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்?

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. எழுபதே நாளில் மலாயா முழுவதையும் கடந்துவிட்டார்கள். டாங்கியும் விமானமும் இருந்தன என்றாலும், காலாட்படையின் வேகத்துக்குப் பெரிய துணையாக இருந்தது சைக்கிள். இங்குள்ள மக்களிடம் பறித்த சைக்கிள்களும் அதில் சேர்ந்தன. வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டிப் போனார்கள். தார்ச் சடக்கில் இரும்பு உரசும் சத்தம், இருட்டில் டாங்கி வருவது போலக் கேட்டு எதிரியைக் கலங்க வைத்ததாம்!

1942 ஜனவரி 14. நமக்குப் பொங்கல் வரும் வேளை. கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியாவின் 2/30-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு பிரிவு காட்டுக்குள் பதுங்கியிருந்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஜப்பானியச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் வந்தார்கள். முதலில் வந்த நூற்றுக்கணக்கானவர்களைத் தாண்டிப் போக விட்டுவிட்டு, பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு சுட்டார்கள். ஜப்பானியருக்குப் பலத்த சேதம். ஆனால் பீரங்கிப் படைக்குப் போட்டிருந்த டெலிபோன் கம்பி அறுபட்டதால், அங்கிருந்து உதவி வரவில்லை. தகர்ந்த பாலத்தையும் ஜப்பானியர் சீக்கிரமே சரிசெய்துகொண்டு முன்னேறிவிட்டார்கள்.

அடுத்து நடந்தது நம் குடும்பங்களின் கதை. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு போனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய ரயிலின் தண்டவாளத்தையும் பெயர்த்து அந்தப் பாதைக்கே கொண்டு போனார்கள். அந்தக் கிளைப்பாதை மறுபடி வரவே இல்லை. கெமெஞ்சே பாலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சிப்பாய்களின் கதையோடு நிறுத்திவிடக் கூடாது. "நம்ம தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்ற கதையையும் அங்கே வைத்துச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இனிப்பு நீரும் சைக்கிளும்

"வேலை செஞ்ச உடம்புக்கு வேற எக்சர்சைஸ் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இன்று தோட்டத்தை விட்டு டவுன் வீட்டுக்கு வந்துவிட்டோர் ஏராளம். ஃபேக்டரியில் நின்ற இடத்திலேயே வேலை, காவல் வேலையில் உட்கார்ந்த இடத்திலேயே இரவு. கால் நின்றுவிட்டது, தேத்தண்ணியில் போடும் சீனி மட்டும் குறையவில்லை!

2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வு சொல்வதைக் கேளுங்கள்: நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியரிடையே மட்டும் பார்த்தால் 100-க்கு 31 பேர்! ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கால் விரலை எடுத்தவர், கண் பார்வை மங்கியவர், வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர் நம் உறவில் இல்லாத வீடு எது? சைக்கிள் மருந்துக்கு மாற்றில்லை. ஆனால் உடம்பை அசைத்தால் ரத்தத்தில் சீனி குறையும். மூட்டு வலிக்காரருக்கும் நடையைவிடச் சைக்கிள் முட்டிக்குச் சுமை குறைவு. ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். வெறும் வயிற்றில் போகக் கூடாது. கையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும்.

பிரேக் இல்லாத சைக்கிள் எமன்

பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில், சைக்கிளோடு சாலையில் இருந்த எட்டுப் பையன்கள் கார் மோதி மாண்டார்கள். எல்லாரும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள். பிரேக்கைக் கழற்றி, உருவத்தை மாற்றி ஓட்டும் "லாஜாக்" சைக்கிள் மோகம் எத்தனை பெரிய ஆபத்து என்பதை நாடே அன்று பார்த்தது. பையனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. அது எங்கே போகிறது, யாரோடு போகிறது, பிரேக் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு.

கிளம்புமுன் சில காரியங்கள்:

முன்னும் பின்னும் பிரேக் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடியுங்கள். மணியும் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் அவசியம். தலைக்கவசம் போடுங்கள், வெளிர் நிறச் சட்டை போடுங்கள். விடிந்த பிறகு கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். மழை பெய்த செம்மண்ணும், உதிர்ந்த ரப்பர் இலையும் சறுக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள். நெடுஞ்சாலைக்குள் சைக்கிள் போகவே கூடாது.

தோட்டத்துக்குள் போனால் ஜாகாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "இது நாங்க பொறந்த தோட்டம்" என்ற உரிமை நெஞ்சில் இருக்கலாம். ஆனால் கேட்டைத் திறப்பது அவர் கையில்தானே இருக்கிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாகி வீடமைப்பு நிலமாகும்போது, மரத்தோடு இந்தச் சடக்குகளும் மறைகின்றன. எந்த வளைவில் கோயில் இருந்தது, எந்த மேட்டில் ஆயாக்கொட்டகை இருந்தது என்பது பெரியவர்களின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பேரப்பிள்ளையை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். காரில் போனால் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போகும். சைக்கிளில் போனால் நின்று சொல்லலாம்.

வருகிற பொங்கலுக்கு நாலு குடும்பம் சேர்ந்து கிளம்புங்கள். வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றடியுங்கள். சடக்கு இன்னும் இருக்கிறது. மிதிக்க நம் கால்தான் வேண்டும்!