சாளை மீன் கூட்டத்துக்கு யார் கேப்டன்?

தூத்துக்குடிக் கடலில் சாளைக் கூட்டம் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே உடம்பு போல வளையும். சீலா மீன் பாய்ந்து வந்தால் சட்டென்று இரண்டாகப் பிரியும். ஆபத்து விலகியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் கூட்டத்துக்குத் தலைவன் என்று ஒரு மீனும் கிடையாது. (சாளைக் குழம்பு வைக்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு பிடிபட ரொம்ப நாள் ஆனது!)

கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1987-ல் இதை மூன்றே விதிகளில் கம்ப்யூட்டரில் செய்து காட்டினார். பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே. அவர் போகும் திசையில் போ. கூட்டத்தை விட்டு விலகாதே. அவ்வளவுதான். 1992-ல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் வௌவால் கூட்டம் இந்த முறையில் உருவானதுதான்.

'ரோபோ கூட்டம்' என்றதும் நமக்கு ட்ரோன் ஷோ ஞாபகம் வரும். 2022 ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சௌக்கில் 1,000 ட்ரோன்கள் வானில் படம் வரைந்தன. ஐ.ஐ.டி டெல்லியில் முளைத்த போட்லேப் டைனமிக்ஸ் நிறுவனத்தின் சாதனை அது. ஆனால், ட்ரோன் ஷோ என்பது பெரும்பாலும் டான்ஸ் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த குரூப் டான்ஸ் மாதிரி. எந்த விநாடியில் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ் சொல்லிவிடும்.

கடலுக்குள் இந்தப் பருப்பு வேகாது. ஜி.பி.எஸ், வைஃபை எல்லாம் உப்புத் தண்ணீரில் கொஞ்சம் இறங்கியதுமே செத்துவிடும். ஒலி போகும், ஆனால் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான். ஆக, தண்ணீருக்குள் ரோபோக்கள் சேர்ந்து போக வேண்டுமானால், சாளை மாதிரி பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

அதைச் செய்து காட்டியது ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு. தலைமை தாங்கியவர் அமிர்தசரஸில் வளர்ந்த ராதிகா நாக்பால். 2021-ல் வெளியான அந்த ஆய்வில் ஏழு குட்டி ரோபோ மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. இரண்டு கேமராக் கண்கள், மூன்று நீல விளக்குகள். இரவில் எதிரே வரும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாகத் தெரியும். நெருங்க நெருங்கப் பிரியும். ரோபோ மீனும் அப்படித்தான், விளக்குகளின் இடைவெளியை வைத்துத் தோழன் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறது.

வட்டமாகச் சுற்றுவதற்கு அவை பின்பற்றியது ஒரே விதி: முன்னால் யாராவது தெரிந்தால் ஒரு பக்கம் திரும்பு, தெரியாவிட்டால் மறுபக்கம் திரும்பு. தேடும் வேலையும் கொடுத்துப் பார்த்தார்கள். தொட்டியில் வைத்த சிவப்பு விளக்கை ஒரு மீன் கண்டுபிடித்தது. உடனே தன் விளக்குகளைச் சிமிட்டியது. மற்றவை அங்கே கூடிவிட்டன!

இதைப் படித்தபோது எனக்கு நம் முத்துக்குளிப்பு ஞாபகம்தான் வந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குபவருக்கும் மேலே இருப்பவருக்கும் இடையில் ஒரு கயிறுதான் பேச்சு. அதை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலிக்கு அவனைவிட யார் காவல்? 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் ஆள் இறங்கும் வேலை முடியவில்லை. சங்கு எடுக்க இறங்குகிறார்கள். 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறை எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் ஆள்தான் இறங்குகிறார். மூச்சும் சிலிண்டரும் அனுமதிக்கும் நேரம் மட்டுமே அவருக்கு. ஒரு டஜன் ரோபோ மீன்கள் வரிசை கட்டிப் பாரைச் சலித்து, சிப்பி கண்ட இடத்தில் கூடிக் காட்டினால், மனிதர் அந்த ஓர் இடத்தில் மட்டும் இறங்கினால் போதும்.

ஆனால் ஹார்வர்டு தொட்டித் தண்ணீர் தெளிவானது. மழைக்காலத்தில் நம் கரையோரம் கலங்கிக் கிடக்கும்போது, நீல விளக்கு நான்கு முழம்கூடத் தெரியாது. சாளைக்கு அந்தக் கவலை இல்லை. அதன் தலைப் பகுதியில் தண்ணீரின் சிறு அசைவையும் உணரும் உறுப்பு இருக்கிறது. கண் தெரியாவிட்டாலும் பக்கத்து மீன் திரும்புவது அதற்குத் தெரிந்துவிடும். அதைப் போன்ற ஒன்றை ரோபோவுக்கும் பொருத்தத்தான் இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள்.