குத்தாலம் இரண்டு, கேஷ் இரண்டு

மழை வலுக்கும் நாட்களில் குற்றாலம் பேரருவிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் செய்தி, 'அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை' என்பது. புனலூர்ப் பாதையில் மலையிறங்கி வந்த மலையாளிக்குத் தமிழ் தெரியாவிட்டால் திகைப்புதான். அருவியில் தண்ணீர் வருகிறது, அதனால் குளிக்கக் கூடாதாம்! அவர் மொழியில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குடிநீரின் பெயரே குடிவெள்ளம். அவசரம் என்பது நமக்குப் பரபரப்பு, அவருக்கு வாய்ப்பு, தெலுங்கருக்குத் தேவை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. இந்தச் சொற்களில் பொருள்தான் பிரிந்திருக்கிறது, வேர் பிரியவில்லை. மூன்று மொழி அவசரத்துக்கும் தாய் ஒரே வடசொல்.

இதற்கு நேர்மாறான சங்கதி குற்றாலத்தின் பெயரிலேயே இருக்கிறது. காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் ஆவதுபோல, பேச்சில் குற்றாலம் குத்தாலம் ஆகிவிடும். மயிலாடுதுறைக்கு அருகே காவிரிக் கரையிலும் ஒரு குத்தாலம் உண்டு. காதை மட்டும் நம்பினால் இரண்டும் ஒரே பெயர்தான். தேவாரத்தைத் திறந்தால் கதை மாறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியபோதே தென்காசிப் பக்கத்துத் தலத்துக்குப் பெயர் குற்றாலம். காவிரிக் கரைத் தலமோ அன்று திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை. குத்தாலம் என்ற பெயர் அங்கே பின்னால் வந்தது. உத்தால மரத்தால் வந்த பெயர் என்கிறது தலபுராணம். அந்த மரக்கதையை நம்பாதவர்களும் இந்தக் கால வரிசையை மறுக்க முடியாது. ஆகவே, இன்று இரண்டு சொற்கள் எப்படி ஒலிக்கின்றன என்பதை வைத்து உறவை முடிவு செய்ய முடியாது. பின்னோக்கிப் போகப் போக அவை நெருங்குகின்றனவா விலகுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தமிழ் 'எட்டு'தான் ஆங்கிலத்தில் 'எய்ட்' ஆனது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ஒலியும் பொருளும் சேர்ந்தே ஒத்துப்போகும்போது வேறென்ன சான்று வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். எண்பது, எண்ணூறு, எண்திசை என்ற சொற்களில் எட்டின் பழைய அடி தெரிகிறது: எண். கன்னடத்தின் 'எண்ட்டு', தெலுங்கின் 'எனிமிதி' இரண்டிலும் அந்த மூக்கொலி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் உறவுகளோ ஜெர்மன் 'ஆக்ட்', லத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட'. எண் எங்கே, ஆக்டோ எங்கே! பழைய வடிவங்களைத் தேடத் தேட இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்கூட 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்குச் 'சித்தியம்' எனப்பட்ட வேற்று மொழிக்குடும்பத்தோடு உறவு தேடினார். அதைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. திராவிட மொழிகளுக்குள் அவர் நிறுவிய உறவுதான் நிலைத்தது.

அப்படியானால் இவ்வளவு ஒற்றுமையும் தற்செயலா என்று கேட்கலாம். ஒரு மொழியில் ஒலிகள் சில பத்துதான். சொற்களோ பல ஆயிரம். ஏதாவது இரண்டு மொழிகளில் சில சொற்கள் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபாரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. மொழியியலாளர் டிக்சன் இதை ஆராய்ந்தார். 'குடகா' என்ற பழைய சொல் அந்த மொழிக்கே உரிய மாற்றங்களால் தேய்ந்து அப்படி ஆனது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எதுவுமே போகவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 'காசு' போயிருக்கிறது, ஆனால் பலர் நினைக்கும் வழியில் அல்ல. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக வந்தது. அதன் மூலம் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்சா'. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவிட்டது. நம் காசைப் போர்த்துகீசியர் 'கைஷா' என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் மொழியில் கைஷா என்றாலும் பெட்டிதான். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதும் அதுவும் 'கேஷ்' ஆகி, பழைய கேஷோடு எழுத்துக்கூட்டலிலும் ஒன்றிவிட்டது. கும்பினியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சீனாவின் துளையிட்ட செப்புக் காசுகளையும் ஆங்கிலேயர் அதே பெயரால் அழைத்தார்கள். பெரிய ஆங்கில அகராதிகளில் இன்றும் 'கேஷ்' இரண்டு தனிப் பதிவுகளாக இருக்கிறது. நம் காசு இருப்பது சின்ன நாணயத்துக்கான பதிவில்.