பந்தின் மேல் அமர்பவருக்குப் பக்கத்தில் யார்?

தூத்துக்குடிக் கடற்கரையில் உழைத்துப் பிழைப்பவர்களுடைய உடம்பு எந்த இடத்தில் முதலில் தளர்கிறது என்பதை, அவரவர் தொழிலைக் கேட்டே ஏறக்குறைய ஊகித்துவிடலாம். உப்பளத்துப் பாத்திகளில் குனிந்தபடியே வெயிலைக் கழித்தவருக்கு இடுப்பு. துறைமுகத்திலும் கிட்டங்கியிலும் சுமை தூக்கியவருக்குக் கழுத்தும் முதுகுத்தண்டும். சங்கு குளிக்கக் கடலில் இறங்கியவருக்கு, அதிர்ஷ்டமில்லாத ஒரு நாளில், இரண்டு கால்களுமே. இவர்களெல்லாம் வலி பொறுக்கமாட்டாமல் சென்று சேருகிற பிசியோதெரபி நிலையங்களில், மின்சாரக் கருவிகளுக்கும் இரும்புக் கம்பிகளுக்கும் நடுவே, நீலமோ சாம்பலோ சிவப்போ ஆன நிறத்தில் காற்றடைத்த பெரிய பந்தொன்று மூலையில் உருண்டு கிடப்பதைக் காணலாம். சிகிச்சைச் சாதனத்துக்குரிய கம்பீரம் எதுவும் அதற்கில்லை. கூட வந்த குழந்தை அதை உதைக்கப் பார்க்கிறது. நோயாளியோ அதன்மேல் உட்காரச் சொன்னால் நாணிச் சிரிக்கிறார். விளையாட்டுச் சாமான் என்று எல்லோரையும் எண்ண வைக்கும் அந்த அப்பாவித் தோற்றமே அதன் முதல் அபாயம் என்பது என் அபிப்பிராயம்.

உண்மையில் அது விளையாட்டுச் சாமானாகத்தான் பிறந்தது. 1963-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து பிளாஸ்டிக் உற்பத்தியாளரான அக்குலீனோ கோசானி என்பவர் இத்தகைய பெரும் பந்துகளைச் செய்து வெளியிட்டார். சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த ஆங்கில இயன்முறை நிபுணர் மேரி குவின்டனும், குழந்தை வைத்தியரான எல்ஸ்பெத் கோங்கும், மூளை பாதிக்கப்பட்ட சிசுக்களுக்குச் சமநிலை பழக்க அதைப் பிரயோகித்தார்கள். பாசெல் நகரத்து சுசான் கிளைன்-ஃபோகல்பாக் அம்மையார் பெரியவர்களுடைய சிகிச்சைக்கும் அதைக் கொண்டுவந்தார். அங்கே சென்று கற்றுத் திரும்பிய அமெரிக்கர்கள் அதற்கு ‘சுவிஸ் பந்து’ என்று பெயரிட்டார்கள். இத்தாலியருக்கு இதில் மனக்குறை இருந்தால் நியாயமே.

பந்தின் தோல் பி.வி.சி. என்னும் பொருளால் ஆனது. இந்தப் பொருளுக்கும் நமது கடற்கரைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. உப்பின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு குளோரின், பி.வி.சி.யின் எடையிலும் பாதிக்கு மேல் குளோரினே. ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் உள்ள டி.சி.டபிள்யூ. ஆலையில் காஸ்டிக் சோடாவும் பி.வி.சி.யும் உற்பத்தியாவதை இந்த ஜில்லாவாசிகள் அறிவார்கள். ஆனால் சுத்தமான பி.வி.சி. தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பானது. அதை வளைந்து கொடுக்கச் செய்வதற்காக எண்ணெய்ப் பசையுள்ள இளக்கிகள் சில அதனுள் சேர்க்கப்படுகின்றன. பந்தின் ஆயுள் இந்த இளக்கிகளின் ஆயுள்தான். அவை மெல்ல மெல்ல வெளியேற, தோல் விறைத்து, நுண்ணிய வெடிப்புகளுக்கு இடங்கொடுக்கிறது. மதுசாரங்கொண்டு அடிக்கடி துடைப்பது இதை விரைவுபடுத்தும். எண்ணெயும் இளக்கிகளை உறிஞ்சும் சுபாவம் உடையது. முதுகுவலிக்காரர் நம் ஊரில் பிசியோதெரபிக்கு வருவதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு தைலத்தைத் தடவிக்கொண்டு வந்துவிடுகிறார். அந்தத் தைலம் பந்தை வழுக்கவும் வைக்கிறது, நாளடைவில் கெடுக்கவும் செய்கிறது. ஈரத்துணியும் மிதமான சோப்பு நீரும் போதும். தைலம் பூசியவர் முதலில் அதைத் துடைத்துக்கொண்டு அமரட்டும்.

பந்து வெடித்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள், உள்ளே பிரமாதமான அமுக்கம் அடைபட்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அமர, பந்து தரையில் 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமாகப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அந்த வட்டத்தின் பரப்பால் வகுத்தால், உள்ளே மிகையாக இருக்கும் அமுக்கம் வாயுமண்டல அமுக்கத்தில் 6 சதவீதமே என்று தெரியும். கடல் நீரில் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் உணரப்படும் அமுக்கத்துக்கு இது சமானம். 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்ட தூத்துக்குடி முத்துச் சலாபங்களில், 15 மீட்டர் ஆழத்தில் முத்துச்சிப்பி விளையும் பாறைத்திட்டுகளான பார்களுக்கு மூச்சடக்கிச் சென்றவர்கள் இதைப்போல் 25 மடங்கு அமுக்கத்தைத் தங்கள் மார்பின்மேல் தாங்கினார்கள்.

அப்படியானால் பந்து ஏன் வெடிக்கிறது? விடை அமுக்கத்தில் இல்லை, தோலின் இழுவிசையில் இருக்கிறது. கோள வடிவமான உறையின் இழுவிசை, அமுக்கத்தோடு ஆரத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்பது பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் பெயரால் வழங்கும் விதி. சிறிய பந்தைவிடப் பெரிய பந்தின் தோல், ஒரே அமுக்கத்திலும், அதிகமாக இழுபடுகிறது. இத்துடன் இன்னொன்றும் சேருகிறது. 65 சென்டிமீட்டர் குறுக்களவுக்கென்று செய்யப்பட்ட பந்தை, ‘கல்லுப்போல் இருக்கட்டும்’ என்று ஆர்வக்கோளாறினால் 70 சென்டிமீட்டர் வரை ஊதிவிட்டால், அதன் மேற்பரப்பு 16 சதவீதம் விரிகிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே கனமுள்ள தோல் அந்த அளவுக்கு மெலிகிறது. ஆரமும் கூடி, கனமும் குறைந்து, தோலின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கவேண்டிய பாரம், அமுக்கம் மாறாமலிருந்தால்கூட, கால் பங்கு உயர்ந்துவிடுகிறது. அத்தகைய நிலையில், செருப்பில் ஒட்டிவந்த ஒரு மணற்பருக்கையோ, உப்புப் பரலோ, மோதிரத்தின் விளிம்போ, இடுப்பில் செருகிய சாவியோ கீறிய கீறல் போதும். கீறலின் நுனியில் இழுவிசை குவிந்து, ஒரு நொடிக்குள் பந்து பிளந்துகொள்கிறது.

2009-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஈ.பி. பிராண்ட்ஸ் என்னும் கம்பெனியின் உடற்பயிற்சிப் பந்துகள் சுமார் 30 லட்சம் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. அளவுக்கு மிஞ்சி ஊதப்பட்ட பந்துகள் எதிர்பாராமல் வெடித்ததாக 47 புகார்கள் வந்திருந்தன; எலும்பு முறிவு ஒன்றும் அவற்றில் சேரும். அதே ஆண்டு அக்டோபரில், சாக்ரமென்டோ கிங்ஸ் கூடைப்பந்துக் குழுவின் ஆட்டக்காரர் பிரான்சிஸ்கோ கார்சியா, பந்தின்மேல் மல்லாந்து படுத்து இரு கைகளிலும் எடைக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது பந்து வெடித்து, வலது முன்கை எலும்பு முறிந்து, பல மாத காலம் ஆடமுடியாமற் போயிற்று. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. வைத்திய மேற்பார்வையில் இருக்கும் கட்டுமஸ்தான வீரருக்கே இந்தக் கதியென்றால், அறுபது வயதில் எலும்பு தேய்ந்த ஒரு மூதாட்டியைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை.

இத்தகைய விபத்துகளுக்குப் பரிகாரமாக, ‘வெடிக்காத பந்து’ என்ற முத்திரையோடு பல பந்துகள் கடைக்கு வருகின்றன. அந்த முத்திரையின் அர்த்தத்தைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். துளை விழுந்தால் படாரென்று கிழியாமல், காற்று மெதுவாக வெளியேறும் வண்ணம் தோல் அமைந்திருக்கிறது என்பதே அது தரும் வாக்கு. துளையே விழாது என்பதல்ல. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் பார அளவும், அசையாத சுமையை மெல்ல வைத்துப் பார்த்த அளவாகவே பெரும்பாலும் இருக்கும். தொப்பென்று விழுந்து உட்காரும் ஒருவர், அந்தக் கணத்தில், தம் எடையைப் போலப் பன்மடங்கு விசையைச் செலுத்துகிறார். துளை விழுந்த பந்தைச் சைக்கிள் டியூப்பைப் போல ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துவதைச் சிக்கனம் என்று எவரேனும் சொன்னால், அதை நான் ஒப்பமாட்டேன். அது குப்பைக்குப் போகவேண்டிய வஸ்து.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிரூட்டிய அறையில் 25 பாகையில் ஊதிய பந்தை, கழுவிக் காயவைக்கிறேன் என்று மொட்டைமாடியில் போட்டு, அது 45 பாகைக்குச் சூடேறினால், உள்ளிருக்கும் காற்று விரிய இடமில்லாத பட்சத்தில் அதன் அமுக்கம் வாயுமண்டல அமுக்கத்தில் ஏழு சதவீதம் வரை உயரும். ஓர் ஆள் ஏறி உட்கார்ந்ததற்குச் சமானமான தொகை இது! பந்து சற்று விரிந்து கொடுப்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனால் சூட்டில் இளகிய தோல் விரிந்து மெலிவது நிச்சயம். நிழலில் காயவைத்தால் என்ன குறைந்துவிடும்?

இத்தனை சொன்னபிறகும், வெடிப்பு என்பது அபூர்வமான விபத்தே. அன்றாட அபாயம் விழுவதுதான். பந்து வெடிக்காமல், வெறுமனே நழுவினாலும் மனிதர் விழுகிறார். அரை மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. நழுவுகிறோம் என்று மூளை அறிந்து கையை ஊன்றுவதற்கு இளைஞருக்கே இந்த அவகாசம் இழுபறி. பக்கவாதத்தால் ஒரு புறம் தளர்ந்தவருக்கு அது போதவே போதாது. நம்முடைய நிலையங்களிலோ, கண்ணாடிபோல மெருகேறிய டைல்ஸ் தரையைப் பெருமைக்காகப் போட்டுவிடுகிறார்கள். ஈரக்காற்று வீசும் நெய்தல் நகரத்தில் அந்தத் தரை வியர்த்து நிற்கிறது. வழுக்காத விரிப்பின்மேல் அல்லாமல் பந்தை வைக்கவே கூடாது. முதல் தடவை அமர்பவருக்குச் சுவர்மூலையிலோ, இணைக்கம்பிகளுக்கு நடுவிலோ, பந்தின் அடியில் வளையம் வைத்தோதான் இடங்கொடுக்க வேண்டும்.

சங்கு குளிப்பவரைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். மூச்சடக்கி மூழ்கிய பழைய முறை போய், படகிலிருக்கும் கம்ப்ரெசரிலிருந்து குழாய்வழியே காற்றைச் சுவாசித்தபடி நெடுநேரம் அடியில் தங்கும் முறை இக்கரையில் பரவியது. அமுக்கத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அவசரமாக மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழ் குமிழாக வெளிப்பட்டு, சிலருக்கு முதுகுத்தண்டின் நரம்பைத் தாக்கிக் கால்களை முடக்கிவிடுகிறது. இதைத் தவிர்க்கப் படிப்படியாக மேலேறும் அட்டவணையை ஹால்டேன் என்னும் விஞ்ஞானி தம் சகாக்களோடு 1908-இலேயே வெளியிட்டார். கரையில் அதை யார் பார்த்தார்கள்! அமுக்க அறைச் சிகிச்சை முடிந்தபின், நிமிர்ந்து உட்காரவே மீண்டும் பழகவேண்டிய நிலையில் இருப்பவருக்கு, பந்து மிக அருமையான சாதனம். இடுப்பும் வயிறும் முதுகும் தாமாகவே விழித்துக்கொண்டு வேலைசெய்ய அது தூண்டுகிறது. ஆனால் அவருக்குத்தான் அபாயமும் அதிகம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி மங்கியவர், பந்து நழுவத் தொடங்குவதை உணரமாட்டார். பிளாஸ்டிக்கில் உராய்ந்து தோல் புண்ணாவதையும் உணரமாட்டார்.

முத்துக் குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றைத் தோணியில் பிடித்து நிற்க மைத்துனனையே அழைத்துப் போவார்கள் என்று கடற்கரையில் ஒரு வழக்குச் சொல்வதுண்டு. தன் அக்காள் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண்ணயரமாட்டான் என்பது அதன் காரணம். பந்தின்மேல் நோயாளி இருக்கும்வரை பிசியோதெரபிஸ்டின் கடமை அந்தக் கயிறு பிடிப்பவனுடைய கடமையே. நோயாளிக்குப் பக்கத்தில், சற்றே பின்னால், தம் முழங்காலால் பந்தை அணைத்து, இடுப்புப் பட்டையிலோ இடுப்பெலும்பிலோ கைவைத்து அவர் நிற்க வேண்டும். ‘பத்துத் தடவை செய்யுங்கள், இதோ வருகிறேன்’ என்று அடுத்த கட்டிலுக்குப் போவது எந்தச் சிகிச்சையிலும் ஓரளவு நடப்பதுதான். பந்தில் மட்டும் அது கூடாது.

அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படிந்து, தொடை தரைக்கு இணையாகவோ முழங்கால் இடுப்பைவிடச் சிறிது தாழ்ந்தோ இருக்கவேண்டும். பொதுவாக ஐந்தடிக்குக் குறைந்தவருக்கு 45, நடுத்தர உயரத்தாருக்கு 55, உயரமானவருக்கு 65 சென்டிமீட்டர். தலைசுற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு, கண்நீர் அழுத்தம், புதிய அறுவைச் சிகிச்சை இவற்றில் ஏதேனும் உண்டா என்று கேட்காமல் எவரையும் பந்தின்மேல் ஏற்றலாகாது. அலுவலகத்தில் நாற்காலிக்குப் பதிலாக இதைப் போட்டு உட்கார்ந்தால் முதுகு பலப்படும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் பலவீனமே. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2006-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தசைகளின் உழைப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் காணவில்லை, அசௌகரியம்தான் கூடியிருந்தது.

நிலையம் நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். பந்தை ஊதும்போது கைக்கு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அழுத்திப் பார்ப்பதை விட்டு, தையற்காரர் நாடாவால் சுற்றளவை அளந்து பாருங்கள்: 55-க்கு 173 சென்டிமீட்டர், 65-க்கு 204, 75-க்கு 236, அதற்குமேல் ஒரு மூச்சுக் காற்றும் வேண்டாம். புதுப் பந்தை முதல்நாள் முக்கால் அளவுக்குச் சற்று மேலாக மட்டும் ஊதி, மறுநாள் நிரப்புங்கள். அடைப்பானுக்கு அருகே வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் அழியாத மையால் எழுதிவையுங்கள். தினமும் காலையில் ஒருமுறை கைவிரல்களால் தடவிப் பார்த்து, கீறல் தென்பட்டால் அன்றே கழித்துவிடுங்கள். நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை: பந்தின்மேல் அமரச் சொன்னால், அதில் எழுதிய தேதியைக் கேட்டுப் பாருங்கள்; பக்கத்தில் ஆள் நிற்கும்வரை அமராதீர்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.