நாலே முக்காலுக்கே இருட்டு: குளிர்கால மனச்சோர்வை எப்படிச் சமாளிக்கிறது?

இன்னைக்குப் பேசப்போற விஷயத்தை வெளியில சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

நான் திருச்சி பொண்ணு. படிக்க டொராண்டோ வந்தேன். முதல் குளிர்காலத்துல காலையில 6:45-க்கு அம்மா வீடியோ கால் பண்ணுவாங்க. அங்க அப்போ சாயங்காலம் 5:15. அம்மா பின்னாடி மஞ்சள் வெயில், எனக்குப் பின்னாடி கும்மிருட்டு. "ஏன் பாப்பா, முகமே சரியில்ல?"ன்னு ஒருநாள் கேட்டாங்க. "தூக்கம்மா"ன்னு சொல்லிட்டேன். அது பொய் இல்ல. பத்து மணி நேரம் தூங்கினாலும் எழுந்திருக்க முடியல. சோறு, பிரெட், சிப்ஸ்னு சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நண்பர்கள் கூப்பிட்டா ஏதாவது சாக்குச் சொல்வேன். கடைசியில அம்மா போனையும் எடுக்கிறதில்ல.

வீட்டு நினைப்புதான்னு நினைச்சேன். ஏப்ரல் வந்ததும் தானா சரியாச்சு. ஆனா அடுத்த நவம்பர்ல அதே ஆள் திரும்ப வந்து நின்னா. அப்போதான் காலேஜ் டாக்டர்கிட்ட போனேன்.

அவங்க சொன்ன பேர், பருவகால மனச்சோர்வு. 1984-ல நார்மன் ரோசந்தால்ங்கிற மனநல மருத்துவரும் அவரோட சக ஆய்வாளர்களும் இதை ஒரு தனி நிலையா விவரிச்சாங்க. அவரே வெயில் ஊரான ஜோகன்னஸ்பர்க்ல இருந்து அமெரிக்கா போனவர். அங்க குளிர்காலத்துல தனக்கே சோர்வு வர்றதைக் கவனிச்சவர்.

இது ஏன் வருது? டிசம்பர் கடைசியில திருச்சியில பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். டொராண்டோவுல ஒன்பது மணி நேரம்கூட முழுசா இல்ல. சாயங்காலம் நாலே முக்காலுக்கு சூரியன் போயிடும். நம்ம கண்ணுல பார்க்கிறதுக்கு மட்டும் இல்லாம, "விடிஞ்சாச்சு"ன்னு மூளைக்குச் சொல்றதுக்கும் தனி செல்கள் இருக்கு. காலை வெளிச்சம் தாமதமானா உடம்போட கடிகாரமும் பின்தங்கும். அலாரம் ஏழுன்னு அடிக்கும், உடம்பு இன்னும் நடுராத்திரின்னு நம்பிக்கிட்டிருக்கும். இது மட்டுமே காரணம்னு யாரும் சொல்லல. ஆனா முக்கியமான விளக்கங்கள்ல இது ஒண்ணு.

சரி, என்ன பண்ணலாம்? எனக்கு உதவினதைச் சொல்றேன்.

முதல்ல, வெளிச்சம். வீட்டுக்குள்ள விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடின பகல்லகூட வெளியில ஆயிரக்கணக்குல இருக்கும். அதனால மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம் நடப்பேன். மேகமா இருந்தாலும் போவேன், அதுக்கும் பலன் உண்டு.

ரெண்டாவது, லைட் பாக்ஸ். 10,000 லக்ஸ் வெளிச்சம் தர்ற, புற ஊதாக் கதிரை வடிகட்டின விளக்கு. எழுந்த கொஞ்ச நேரத்துல அரைமணி நேரம் அது முன்னாடி உக்காரணும். நேரா முறைச்சுப் பாக்கக் கூடாது. பக்கத்துல வெச்சுக்கிட்டு காபி குடிக்கலாம், படிக்கலாம். எவ்வளவு தூரத்துல வைக்கணும்னு விளக்கோட வந்த குறிப்புல இருக்கும். ராத்திரி போட்டா தூக்கம் கெடும். எனக்கு ரெண்டாவது வாரத்துலதான் வித்தியாசம் தெரிஞ்சது. ஒரு எச்சரிக்கை: கண் நோய் இருக்கிறவங்க, இருதுருவ மனநோய் இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது.

மூணாவது, மனசு வரட்டும்னு காத்திருக்காம இருக்கிறது. இந்த மாதிரி சோர்வுல "தெம்பு வந்ததும் போறேன்"னு சொன்னா, தெம்பு வரவே வராது. போனாதான் கொஞ்சமாவது வரும். சிந்தனை-நடத்தை சிகிச்சையிலயும் இதைச் சொல்லித் தருவாங்க. நானும் ரூம்மேட்டும் சனிக்கிழமை காலையில சாம்பார் வைக்கிறதுன்னு முடிவு பண்ணோம். பல சனிக்கிழமை எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா வெங்காயம் உரிக்கவாவது எழுந்திருச்சேன்.

இதெல்லாம் எல்லாருக்கும் போதும்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு மேல சோர்வு நீடிச்சா, படிப்பும் வேலையும் நின்னு போனா டாக்டரைப் பாருங்க. மாத்திரை தேவைப்பட்டா அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. வாழவே வேண்டாம்னு ஒரு நினைப்பு வந்தா ஒருநாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. கனடாவுல 988, இந்தியாவுல 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

இந்த வருஷம் அக்டோபர்லயே விளக்கை எடுத்து மேசையில வெச்சுட்டேன். அம்மாகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாப்பா"ன்னாங்க. இப்போ அவங்க காலையில கேக்கிற முதல் கேள்வி, "விளக்கு போட்டியா?"

உங்க வட்டத்துல யாராவது நவம்பர்ல இருந்து போன் எடுக்காம இருந்தா, இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.