காமிராவுக்குக் கீழே இருக்கும் கலை

குறிஞ்சிப்பாடியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கல்யாண வீடியோ எடுப்பவர். ஓய்வு கிடைத்தால் பெருமாள் ஏரிப் பறவைகளையும் படம்பிடிக்கிறாராம். புதுக் காமிரா வாங்கியாயிற்று, எந்த டிரைபாட் வாங்கலாம் என்று கேட்கிறார். கால்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் மேல் உட்காரும் ஃப்ளூயிட் ஹெட்டைப் பற்றித்தான் எனக்குப் பேசித் தீராது.

உலோகத்தோடு உலோகம் உரசித் திரும்பும் சாதாரண ஹெட், முதலில் அடம்பிடிக்கும். கொஞ்சம் அழுத்தினால் வெடுக்கென்று நகரும். நின்ற பொருளைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். கிளம்பியபின் அவ்வளவு வேண்டாம். பறக்கும் நாரையை முழு ஜூமில் தொடரும்போது அந்த வெடுக்கு திரையில் பெருங்குலுக்கலாகத் தெரியும்.

ஃப்ளூயிட் ஹெட்டின் உள்ளே, அசையும் பாகங்களுக்கு நடுவே கெட்டியான சிலிக்கோன் திரவம் மெல்லிய படலமாக நிற்கிறது. கரும்புப் பாகு காயும் கொப்பரையில் சிறுவயதில் துடுப்புப் பிடித்திருக்கிறேன். மெல்லத் துழாவினால் பாகு வழிவிடும். அவசரப்பட்டால் கையைத் தடுக்கும். இந்தத் திரவமும் அப்படியே. வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுவதால், கையின் திடீர் இழுப்பு அதிலேயே அடங்கிவிடுகிறது. வெயில் ஏறினாலும் பனி இறங்கினாலும் சிலிக்கோனின் கெட்டித்தன்மை மற்ற எண்ணெய்கள் அளவுக்கு மாறாது. அதனால்தான் அதைத் தேர்ந்தார்கள்.

ஃப்ளூயிட் ஹெட்டை வளர்த்தெடுத்தவர்களில் எனக்குப் பிரியமானவர் சாட்வெல் ஓகானர். நீராவி ரயில்களைப் படமெடுப்பதில் பித்துக்கொண்ட அமெரிக்கப் பொறியாளர். ஓடும் எஞ்சினைக் காமிரா சீராகத் தொடர வேண்டும் என்று தனக்காகவே ஒரு ஹெட் செய்துகொண்டார். அதைப் பார்த்த வால்ட் டிஸ்னி தன் இயற்கைப் படங்களுக்கும் கேட்டு வாங்கினார். 1975, 1992 ஆண்டுகளுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருதுகள் ஓகானரைத் தேடி வந்தன.

இனி, வாங்கும் வழி. காமிரா, லென்ஸ், பேட்டரி, மைக், மானிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள். இத்தனை கிலோ தாங்கும் என்ற அட்டைக் குறிப்பு மட்டும் போதாது. ஹெட்டின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உங்கள் எடைக்குச் சமன் கொடுக்க வேண்டும். கடையிலேயே உங்கள் காமிராவைப் பூட்டி, முன்பின் நகர்த்தி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திரவத்தின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் டிராக்கைப் பூஜ்யத்தில் வைத்து, காமிராவை முன்னால் சாய்த்துக் கையை எடுங்கள். தலை கவிழ்ந்தால் ஸ்பிரிங் போதவில்லை. மேலே எழும்பினால் அதிகம். விட்ட இடத்தில் நின்றால் அதுவே உங்களுக்கான ஹெட்.

அடுத்து, டிராக்கை ஏற்றி, கைப்பிடியில் ரப்பர் பேண்டை மாட்டி மெல்ல இழுங்கள். உதறாமல் கிளம்ப வேண்டும். நிறுத்தியதும் காட்சி பின்னுக்கு நழுவக் கூடாது. ‘ஃப்ளூயிட்’ என்று அச்சடித்து வெறும் கிரீஸ் தடவி விற்கும் மலிவுச் சரக்கு இங்கேயே பிடிபட்டுவிடும். காலின் உச்சியில் கிண்ணம் இருப்பதாகப் பாருங்கள். கல்யாண வேலைக்கு 75 மில்லிமீட்டர் போதும். கனமான காமிராவுக்கு 100. மேடுபள்ளமான ஏரிக்கரையில் கால்களோடு மல்லுக்கட்டாமல், கிண்ணத்தின் அடியிலுள்ள பிடியைத் தளர்த்தி, மட்டம் காட்டும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

லட்சங்களைக் காமிராவில் கொட்டிவிட்டு, டிரைபாடுக்கு மிச்சச் சில்லறையை ஒதுக்குவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். கிடைத்த ஹெட்டையும் பாடாய்ப் படுத்துகிறோம். பூட்டைப் பாதி முறுக்கி அதையே டிராக்காகப் பயன்படுத்துகிறோம்; பூட்டியது பூட்டியபடி கைப்பிடியை இழுக்கிறோம்; கடலூர்க் கடற்கரை மணலோடு கால்களை மடக்கிப் பைக்குள் திணிக்கிறோம். உப்பும் மணலும் எந்த உலோகத்தையும் விட்டுவைக்காது. வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, உலரவைத்து, பூட்டுகளைத் தளர்த்தி வையுங்கள்.

காமிராக்கள் சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல ஹெட், ஒழுங்காகப் பராமரித்தால், அடுத்தடுத்து வாங்கும் காமிராக்களையும் சுமக்கும். பணம் குறைவென்றால் காமிராவில் ஒரு படி இறங்குங்கள், ஹெட்டில் இறங்காதீர்கள்.