புது கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இல்லையா? லினக்ஸில் கார்டு போடுவது எப்படி?

லாரி எடைமேடையில் ஏறி நிற்கிறது. இண்டிகேட்டரில் எடை தெரிகிறது. ஆனால் போன வாரம் வாங்கிய புது கம்ப்யூட்டருக்கு அந்த எண் வரவே இல்லை. ஆபரேட்டர் பார்த்துப் பார்த்து கையால டைப் பண்றார். ஒரு இலக்கம் மாறினால், சரக்கு கொண்டு வந்தவருக்கு நஷ்டம், இல்லையென்றால் வாங்குபவருக்கு.

இதுபோன்ற இண்டிகேட்டர்களும் பழைய சிஎன்சி மெஷின்களும் பேசுவது ஆர்எஸ்-232 பாஷை. 1960-ல் வந்தது. அதற்கான 9 பின் போர்ட் இப்போதைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் கிடையாது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் போதாதா? ஒரு மெஷினுக்குப் போதும். மூன்று நான்கு இருந்தால், ரீஸ்டார்ட் ஆகும்போது எது எந்தப் பெயரில் வரும் என்று சொல்ல முடியாது. அங்கேதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு கைகொடுக்கும். (ஸ்லிம் கேபினெட் என்றால், உயரம் குறைந்த பிராக்கெட்டும் சேர்த்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்க.)

பவரை ஆஃப் செய்துவிட்டு கார்டைச் செருகுங்கள். டிரைவர் சிடி தேடி அலைய வேண்டாம். கெர்னலில் இருக்கும் ‘8250’ டிரைவரே பெரும்பாலான கார்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ‘எல்எஸ்பிசிஐ’ கமாண்ட் கொடுத்தால் கார்டு பட்டியலில் தெரியும்.

அப்புறமும் வேலை செய்யவில்லையா? பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சில லினக்ஸ் பதிப்புகளில் சீரியல் போர்ட்களுக்கு 4 இடம் மட்டுமே ஒதுக்கியிருப்பார்கள். போர்டிலேயே ஒரு போர்ட் இருந்து, நீங்கள் 4 போர்ட் கார்டு போட்டால் ஒன்று வெளியே நிற்கும். ‘டிமெஸ்ஜி’ லாக்கில் ‘எரர் -28’ என்று வரும். இடம் இல்லை என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க்கை காலி பண்ண ஆரம்பிச்சிடாதீங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை! கிரப் செட்டிங்கில், கெர்னல் வரியில் ‘8250 டாட் என்ஆர் அண்டர்ஸ்கோர் யுஆர்ட்ஸ்’ அளவை 8 என்று சேர்த்து, கிரப்பை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

அடுத்தது, பர்மிஷன். உபுண்டு, டெபியனில் உங்கள் யூசரை ‘டயல்அவுட்’ குரூப்பில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் பலிக்கும்.

மெஷினை மாட்டும் முன் ஒரு சின்ன டெஸ்ட். போர்ட்டின் 2-வது, 3-வது பின்களை ஒரு வயரால் இணையுங்கள். ‘மினிகாம்’ புரோகிராமைத் திறந்து, ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை ஆஃப் செய்து, ஏதாவது டைப் செய்யுங்கள். எழுத்து திரும்பி வந்து திரையில் தெரிந்தால் கார்டு ஓகே. வயரை எடுத்தால் எழுத்து நின்றுவிட வேண்டும்.

இதற்குப் பிறகும் எடை வரவில்லை என்றால் கார்டைத் திட்டிப் பயனில்லை. இண்டிகேட்டரில் 9600 என்றும் சாஃப்ட்வேரில் வேறு வேகமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், கேபிளில் 2-ம் 3-ம் குறுக்காகப் போகிறதா, நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.