கோடு இல்லாத அணில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபீஸ். ராஜபாளையத்தில் வீடு. நடுவே அரை மணி நேர பஸ். ஜன்னலோர சீட் கிடைத்தால் மேற்கே மலை தெரியும்; கிடைக்காவிட்டால் முன்னால் நிற்பவரின் டிபன் பை தெரியும். இப்படிப் போய் வந்துகொண்டிருந்த எனக்குத் திடீரென்று குழந்தைகளுக்குக் கதை எழுதும் ஆசை வந்தது.

'பெரியவங்களுக்கு எழுதறதுதான் கஷ்டம். வாண்டுகளுக்குத்தானே... ஒரு மிருகம், ஒரு பொய், கடைசியில ஒரு நீதி. முடிஞ்சுது ஜோலி!'

மலையில் ஓர் அணில். பொய் சொல்கிறது. மாட்டிக்கொண்டு திருந்துகிறது. மொத்தம் பதினேழு பக்கம். சிவகாசிதான் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கைக்காசைப் போட்டு ஆயிரம் பிரதி அச்சடித்தும் விட்டேன்.

முதல் பிரதியை அக்கா மகளிடம் நீட்டினேன். மூன்றாம் வகுப்பு. மூன்று பக்கம் புரட்டினாள்.

"இது எந்த ஊரு அணில் மாமா?"

"நம்ம மலை அணில்தான் தாயி."

"அப்போ ஏன் முதுகுல கோடு போட்டிருக்கு? நம்ம மலையில இருக்கற பெரிய அணிலுக்குக் கோடே கிடையாதே! செண்பகத்தோப்புக்குக் கூட்டிட்டுப் போனப்ப டீச்சர் சொன்னாங்களே!"

நூற்றுக்கு நூறு சரி. அந்தச் சாம்பல் நிற மலை அணிலுக்காகவே 1988-இல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அந்த அணில் மரத்து உச்சியில் கூடு கட்டும். கிளைக்குக் கிளை தாவியே போய் வரும். தரைக்கு இறங்குவது அபூர்வம். அதனால் மரங்கள் கிளையோடு கிளை உரசி நிற்க வேண்டும். நடுவே நாலு மரத்தை வெட்டினால் அதற்கு ரோடே கட்!

இதை விடவா ஒரு கதை வேண்டும்? தினமும் பார்க்கிற மலையை விட்டுவிட்டு, அணிலுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்கப் போயிருக்கிறேன் நான்.

உள்ளூர் வாத்தியார்கள்

வெட்கத்தில் படிக்க ஆரம்பித்தேன். முதல் வாத்தியார் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே இருந்தார். பெரியாழ்வார்! கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டுகிறார், நிலாவைக் கூப்பிடுகிறார், கை தட்டச் சொல்கிறார், தளர்நடை போட வைக்கிறார், குளிக்க அடம் பிடிப்பவனைக் கெஞ்சுகிறார், காது குத்தக் கூப்பிடுகிறார். பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு அவர்தான் முன்னோடி என்பார்கள். எங்கேயாவது குழந்தைக்கு லெக்சர் கொடுக்கிறாரா? கிடையாது. குழந்தை என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு வரவில்லை.

இரண்டாவது வாத்தியார் எங்கள் ராஜபாளையத்துக்காரர், கொ.மா. கோதண்டம். மேற்குத் தொடர்ச்சி மலையையும் அங்கே வாழும் பளியர்களையும் எழுத்தில் கொண்டு வந்தவர். 'காட்டுக்குள்ளே இசைவிழா' என்ற சிறுவர் நூலுக்காக 2012-இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றார். எனக்கு பஸ் ஜன்னலோடு நின்றுபோன அதே மலைதான்!

'ஆபீஸ் வேலையோடு இதெல்லாம் முடியுமா சார்?' என்பவர்களுக்கு அழ. வள்ளியப்பா. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து காலமானார்.

நான் 'வாண்டுகளுக்குத்தானே' என்று நினைத்த விஷயத்துக்காக!

கொஞ்சம் கணக்கு

பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கில் தூங்கியவர்கள் இங்கே விழித்துக்கொள்ளவும். பெரிய தாளில் அச்சடித்து மடிப்பதால் புத்தகம் எட்டு, பதினாறு என்றுதான் வளரும். பதினாறு பக்கம் ஒரு பாரம். பதினேழாவது பக்கத்தில் நான் எழுதிய நீதிக்காக இன்னொரு அரைப் பாரம் ஏறியது. மிச்சம் ஏழு பக்கம் வெள்ளை! நீதியை வெட்டியிருந்தால் கதையும் பிழைத்திருக்கும், காசும் பிழைத்திருக்கும்.

அடுத்து கலர். நாலு கலர் அச்சுக்கு நாலு பிளேட். நூறு பிரதி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் பிளேட் செலவு ஒன்றுதான். கூடப் போட்டால் ஒரு பிரதியின் அடக்கம் குறையும். இந்த ஆசையில்தான் ஆயிரம் அடித்தேன். விற்றவை போக மீதி கட்டிலுக்கடியில்.

சரி, பதிப்பகத்துக்கே கொடுத்தால்? வழக்கமான ராயல்டி பத்து சதவீதம். அறுபது ரூபாய்ப் புத்தகம் ஆயிரம் விற்றால் ஆறாயிரம். படம் போடுபவருக்கும் பங்கு உண்டென்றால் இன்னும் குறையும். ஆகவே வேலையை விட்டுவிடாதீர்கள்! கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே அர்த்தம். 'சும்மா வாய்ப் பேச்சுதானே' என்று விடக் கூடாது.

எந்த வயசுக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023-இல் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்தது. எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் இரண்டே வரி போதும். அணில் தாவுகிறது என்பதைப் படம் காட்டினால் வார்த்தை அதைச் சொல்லவே வேண்டாம். எழுதியதை உரக்கப் படியுங்கள். உங்களுக்கே மூச்சு வாங்கினால் வாக்கியத்தை வெட்டுங்கள்.

போன வாரம் அக்கா வீட்டில் என் புத்தகத்தைப் பார்த்தேன். கடைசி ஏழு வெள்ளைப் பக்கத்திலும் பென்சிலால் படம். கோடில்லாத பெரிய அணில் ஒன்று கிளையில் உட்கார்ந்து எதிர் மரத்தைப் பார்க்கிறது. நடுவே வெட்டிப் போட்ட மரம்.

"இது எப்படித் தாயி அந்தப் பக்கம் போகும்?" என்றேன்.

"நீதானே மாமா கதை எழுதறே? நீயே சொல்லு!"

எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை பதினாறே பக்கம்.